மீன் வாடையும் புல்மோட்டை மணலும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் நடத்திய ஊர்ச் சந்திப்புகளுள், இறக்கக்கண்டியில் நடந்த சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். விஞ்ஞானப் பிரிவில் கற்ற பழைய மாணவியர் குழுவின் சார்பில்.)



அறிவித்தல் பலகையில் இந்த உரையின் தலைப்பு "தாங்கியில் பதித்த உலோக நனோ துணிக்கைகளைக் கொண்டு அமீன்களை இமீன்களாக ஒட்சியேற்றல்" என்று எழுதப்பட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "இதை ஆர் வந்து கேட்கப் போகினம்?" என்று ஒரு அக்கா கேட்டாவாம். நியாயமான கேள்விதான். ஆனால் திருகோணமலை மாவட்டத்தில் இந்த விடயத்தைப் பேசுவதற்கு இறக்கக்கண்டியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்பது எங்கள் எண்ணம். அமீனை நீங்கள் நாள்தோறும் மூக்கால் அறிகிறீர்கள். இந்த ஊக்கிகள் பலவற்றைத் தாங்கி நிற்கும் வெள்ளைத் தூளின் மூலப்பொருள், இதே வீதியில் வடக்கே போனால் புல்மோட்டைக் கரையில் கறுப்பு மணலாகக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது உங்கள் களப்பு.

முதலில் அமீன். அமோனியாவின் ஐதரசன் ஒன்றையோ பலவற்றையோ எடுத்துவிட்டு அந்த இடத்தில் காபன் கூட்டத்தை வைத்தால் கிடைப்பது அமீன். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இது தெரியும். மற்றவர்களுக்கு இப்படிச் சொல்கிறோம்: கரைவலை மீன் வெயிலில் சற்று நேரம் கிடந்ததும் எழுகிற வாடை இருக்கிறதே, அதில் பெரும்பங்கு திரைமெதைல் அமீன். கடல் மீனின் தசையில் மணமில்லாத வேறொரு சேர்வையாக இருந்தது, மீன் செத்த பிறகு பக்ரீரியாக்களால் இப்படி மாற்றப்படுகிறது. மீனை அரிந்து தேசிப்புளி விட்டுப் பிரட்டி வைக்கிறோம், புளி கரைத்துக் குழம்பு வைக்கிறோம். அமிலம் பட்டதும் அமீன் உப்பாகிவிடும், உப்பு ஆவியாகி மூக்குக்கு வராது. எங்கள் அம்மாமாரும் உம்மாமாரும் அமில மூலத் தாக்கத்தை அறிந்தவர்கள், சமன்பாட்டை மட்டும் எழுதிவைக்கவில்லை.

சூரை மீன் சரியாகக் குளிரூட்டப்படாமல் இருந்தால் அதில் இசுத்தமீன் என்ற இன்னொரு அமீன் சேரும். அதைச் சாப்பிட்டால் முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பில் தடிப்புப் போடும். இசுத்தமீனைச் சமைத்து அழிக்க முடியாது, வெப்பத்தைத் தாங்கும். ஆனால் எங்கள் குடலில் செப்பு அணுவைக் கொண்ட ஒரு நொதியம் இருக்கிறது. சிறிதளவு இசுத்தமீன் வந்தால் அது காற்றிலிருந்து வந்த ஒட்சிசனைக் கொண்டு அதை ஒட்சியேற்றிவிடும். அந்த வழியில் இடையில் தோன்றுவதும் ஓர் இமீன் பிணைப்புத்தான். ஆகவே இன்று நாங்கள் பேசப்போகும் தாக்கத்தை ஓர் உலோகமும் ஒட்சிசனும் சேர்ந்து உங்கள் வயிற்றுக்குள் ஏற்கனவே செய்துகொண்டிருக்கின்றன. ஆய்வுகூடக்காரர் அதைக் கண்ணாடிக் குடுவையில் செய்ய முயல்கிறார்கள், அவ்வளவுதான்.

இமீன் என்றால் காபனும் நைதரசனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த சேர்வை. 1864 இல் ஹியூகோ சிஃப் என்ற வேதியியலாளர் இவற்றை விவரித்தார். அதனால் சிஃப் மூலங்கள் என்றும் சொல்வார்கள். பெயர் புதிது என்றாலும் ஆளைத் தெரியும். அல்டிகைட்டுக்கு 2,4-டிஎன்பி சேர்த்ததும் செம்மஞ்சள் வீழ்படிவு வருமே, அங்கே உருவாவதும் காபன் நைதரசன் இரட்டைப் பிணைப்புத்தான். பாண் துண்டை வாட்டும்போது அது பொன்னிறமாவதன் முதற்படியிலும் இப்பிணைப்பு இருக்கிறது. எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் கண்ணின் விழித்திரையில், விற்றமின் ஏ இலிருந்து வந்த மூலக்கூறு ஒரு புரதத்தோடு கட்டப்பட்டிருப்பதும் இமீன் பிணைப்பால்தான். ஒளி பட்டதும் அந்த மூலக்கூறு வளைவு நிமிர்ந்து செய்தி அனுப்புகிறது.

மருந்து, சாயம், பயிர்ப் பாதுகாப்புப் பொருள் செய்பவர்களுக்கு இமீன் ஓர் இடைத்தங்கல் மடம் போல. அங்கே வந்துவிட்டால் பல திசைகளுக்குப் போகலாம். ஐதரசன் சேர்த்தால் வேறோர் அமீன். காபன் சேர்த்தால் இன்னொரு குடும்பம். பழைய வழி, அல்டிகைட்டையும் அமீனையும் கலந்து நீரை அகற்றுவது. எளிது, மலிவும்கூட. ஆனால் அல்டிகைட்டுகள் வைத்துப் பராமரிக்கச் சிரமமானவை. பென்சல்டிகைட்டுப் போத்தலைத் திறந்து திறந்து மூடினால் காற்றுப் பட்டு, கழுத்தோரம் பென்சோயிக்கமிலம் வெள்ளைப் பளிங்காகப் படியும். எங்கள் ஊர் வெக்கையில் சொல்லவே வேண்டாம். சில இமீன்களுக்குப் பொருத்தமான அல்டிகைட்டே கைக்கு எட்டாது. அப்போது, கையில் இருக்கும் அமீனிலிருந்தே நேராக இரண்டு ஐதரசன்களைக் கழற்றி எடுத்துவிட்டால் என்ன என்ற யோசனை வருகிறது.

கழற்றலாம். ஆனால் எதைக் கொண்டு கழற்றுவது என்பதில்தான் வில்லங்கம். மங்கனீசு, குரோமியம் போன்றவற்றின் ஒட்சைட்டுகளையும் உப்புகளையும், அயடீன் சேர்ந்த விலையுயர்ந்த சேர்வைகளையும் அள்ளிப் போட்டுத்தான் ஒட்சியேற்றம் செய்து வந்தார்கள். ஒரு பிடி பொருளை மாற்ற ஒரு பிடிக்கு மேல் ஒட்சியேற்றியைச் செலவழிப்பார்கள். வேலை முடிந்ததும் அது சேறாக மிஞ்சும். அந்தச் சேறு எங்கே போகும்? பெரிய தொழிற்சாலை என்றால் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும் என்று நம்பலாம். சிறிய இடங்களில் வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் களப்புக்குப் போகும். அறுவலன்கொண்ட குரோமியம் என்ன செய்யும் என்று அறிய நாம் வேறெங்கும் போகத் தேவையில்லை. தமிழ்நாட்டில் இராணிப்பேட்டையில் ஒரு குரோமேற்றுத் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும் அதன் கழிவு மேடு நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டு கிடந்தது. இங்கே இறால் பிடிக்கிற பிள்ளைகளின் காலுக்குக் கீழே அப்படியொன்று வரக்கூடாது.

இனி நல்ல செய்திக்கு வருவோம். ஒட்சிசன் காற்றில் இலவசமாகக் கிடக்கிறது. பென்சைலமீன் என்பது இந்தத் துறையில் எல்லோரும் முதலில் எடுத்துச் சோதித்துப் பார்க்கும் மாதிரிப் பொருள். அதன் இரண்டு மூலக்கூறுகளும் ஒட்சிசன் அணு ஒன்றும் சேர்ந்தால் ஓர் இமீன், ஓர் அமோனியா, ஒரு நீர் கிடைக்கும். உயர்தரப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சமப்படுத்திப் பாருங்கள், சரியாக வரும். சேறு இல்லை. நடக்கும் விதம் இதுதான்: அமீன் உலோக மேற்பரப்பில் ஒட்டுகிறது. அதிலிருந்து ஐதரசன்கள் கழன்று, ஒட்சிசனோடு சேர்ந்து நீராகின்றன. மிஞ்சிய சிறு இமீனை அடுத்த அமீன் வந்து முட்டி அமோனியாவை வெளியே தள்ளுகிறது. முதலில் சொன்ன திரைமெதைல் அமீனில் இந்த வித்தை பலிக்காது. அதன் நைதரசனில் கழற்றுவதற்கு ஐதரசனே கிடையாது. ஆகவே மீன் வாடையை இமீனாக்கி வாசனைத் திரவியம் செய்யலாம் என்று ஒருவரும் கடை திறந்துவிட வேண்டாம்.

காற்று இலவசமாகக் கிடந்தாலும் அது தானாக வேலை செய்யாது. அமீன் போத்தலைத் திறந்து வைத்தால் இமீன் ஆகிவிடுவதில்லை. அதற்கு ஊக்கி வேண்டும். ஊக்கி என்றதும் ஏபர் முறையில் இரும்பு, தொடுகை முறையில் வனேடியம் ஐயொட்சைட்டு என்று வாய்ப்பாடு போலச் சொல்வோம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் ஊக்கியின் வரலாற்றில் எங்கள் பாடப்புத்தகம் சொல்லாமல் விட்ட ஒரு பெண் இருக்கிறார். நூறாண்டு கண்ட பெண்கள் பாடசாலையின் மலரில் அவரைப் பற்றிச் சற்று நின்று பேசத்தான் வேண்டும்.

அவர் பெயர் எலிசபெத் ஃபுல்ஹேம். பிரித்தானியாவில் வாழ்ந்தவர். 1780 ஆம் ஆண்டளவில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. துணியில் பொன்னையும் வெள்ளியையும் நூலாக நெய்யாமல், இரசாயன முறையில் நேரே படிய வைக்க முடியுமா? கணவர் ஒரு வைத்தியர். அவரும் நண்பர்கள் சிலரும் இது நடவாத காரியம் என்றார்கள். அம்மையார் விடவில்லை. தங்க உப்புக் கரைசலில் பட்டுத் துண்டை நனைத்து, ஐதரசன் வாயுவிலும் பிற வாயுக்களிலும் காட்டினார், வெயிலிலும் வைத்துப் பார்த்தார். உலர்ந்த பட்டில் ஒன்றும் நடக்கவில்லை. ஈரப் பட்டில் தங்கம் படிந்தது. இதை அவர் ஒரு தடவை கண்டு வியந்து விட்டுவிடவில்லை. திரும்பத் திரும்பச் செய்து, நீர் தாக்கத்தில் பங்கெடுத்து இறுதியில் மீண்டும் நீராகவே வெளிவருகிறது என்று முடிவுகட்டி, 1794 இல் இலண்டனில் புத்தகமாக வெளியிட்டார். ஜேர்மன் மொழியில் 1798 இல் வந்தது. அமெரிக்கப் பதிப்பு 1810 இல் வந்தது. பிலடெல்பியா இரசாயனக் கழகம் அவரைக் கௌரவ உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. பேர்சீலியசு என்ற சுவீடிய அறிஞர் ஊக்கலுக்குப் பெயர் வைத்தது 1835 ஆம் ஆண்டளவில். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் முந்தியே, தாக்கத்தில் புகுந்து, முடிவில் பழையபடி மீண்டு வரும் பொருள் என்ற கருத்தை இந்தப் பெண் எழுதிவிட்டார்.

ஒன்றைக் கவனியுங்கள். பட்டு நூலில் தங்கத்தை நுண்ணியதாகப் படிய வைத்தல் என்பது, ஒரு தாங்கியில் உலோகத் துணிக்கைகளைப் பதித்தல் அல்லாமல் வேறென்ன? இன்று பட்டுக்குப் பதிலாகத் தைற்றேனியம் ஈரொட்சைட்டுத் தூள்.

தங்கம் ஊக்கியாகும் என்று நீண்ட காலம் பெரிதாக யாரும் எண்ணவில்லை. துருப்பிடிக்காது, கறுக்காது, யாரோடும் சேராது என்பதற்காகத்தானே நாம் அதைக் கழுத்தில் போடுகிறோம். பிளாற்றினம், நிக்கல் எல்லாம் ஊக்கிகளாகப் பேர் வாங்கின. தங்கம் சோம்பேறி என்றார்கள். யப்பானில் ஒசாக்காவில் மசதகே ஹருத்தா என்ற ஆய்வாளரும் அவரது கூட்டாளிகளும் 1987 இல் அதை மாற்றினார்கள். சில நனோமீற்றர் அளவான தங்கத் துணிக்கைகளை உலோக ஒட்சைட்டின் மேல் பதித்தபோது, நச்சு வாயுவான காபனோரொட்சைட்டு உறைநிலைக்கும் 70 பாகை கீழேயே ஒட்சியேறியது. அதே தங்கம்தான், அளவை மட்டும் சிறிதாக்கியிருந்தார்கள்.

சிறிதாக்கினால் என்ன நடக்கும் என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறோம். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள தங்கக் கட்டியை எடுங்கள். நிறை 19.3 கிராம், இரண்டரைப் பவுணுக்குச் சற்றுக் குறைய. ஒரு நடுத்தரத் தாலிக்கொடி அளவு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதன் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதை 3 நனோமீற்றர் பக்கமுள்ள கட்டிகளாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 2,000 சதுர மீற்றர் வரும். ஏறத்தாழ அரை ஏக்கர். தாக்கம் மேற்பரப்பில்தான் நடக்கிறது, கட்டியின் உள்ளே புதைந்த அணு சும்மா இருக்கிறது. தங்கையின் தாலிக்கொடி அரை ஏக்கர் காணியாக விரிகிறது என்றால் சீதனம் பேசுகிறவர்கள்கூட இரசாயனம் படிக்க வந்துவிடுவார்கள்.

செலவும் அவ்வளவு பயங்கரம் இல்லை. நூற்றுக்கு ஒரு பங்கு தங்கம் பதித்த தூளில் 100 மில்லிகிராம் எடுத்தால் அதில் தங்கம் 1 மில்லிகிராம். ஒரு பவுணில் 8,000 குடுவைக்கு ஊக்கி செய்யலாம். வடிகட்டி எடுத்துக் கழுவி மறுபடியும் போடலாம் என்பது இதைவிடப் பெரிய ஆதாயம்.

அமீன் பக்கம் வருவோம். 2003 இல் யப்பானின் யமாகுச்சி, மிசுனோ இருவரும் அலுமினாவின் மேல் றுத்தேனியத்தைப் பதித்து, ஒட்சிசனைக் கொண்டு அமீன்களை ஒட்சியேற்றினார்கள். அங்கே முதலமீன்கள் இமீனில் நிற்காமல் இன்னும் இரண்டு ஐதரசனை இழந்து நைத்திரைலாகப் போயின. வழியமீன்கள் இமீன் ஆயின. 2008 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஏஞ்சலிச்சி குழுவினர், நனோ அல்லாத சாதாரண தங்கத் தூளும் காற்றும் அமீனை இமீனாக்கும் என்று காட்டினார்கள். இது எங்களுக்கு மிகவும் பிடித்த ஆய்வு. எல்லாவற்றுக்கும் "நனோ, நனோ" என்று கூவுகிற காலத்தில் ஒரு சிறு கடிவாளம் போட்டது போல இருந்தது. 2009 இல் ஸ்பெயின் வலென்சியாவில் கோர்மா குழுவினர், தைற்றேனியம் ஈரொட்சைட்டில் பதித்த தங்கத்தைக் கொண்டு பென்சைலமீன்களைத் திறமாக இமீன் ஆக்கினார்கள். அதே ஊக்கியை வைத்து, அடுத்த படியில் ஐதரசன் கொடுத்து வழியமீன் வரை ஒரே பாத்திரத்தில் போனார்கள்.

2011 இல் சீன விஞ்ஞானக் கழகத்தின் ஜின்சாய் ஜாவோ குழுவினர் செய்ததைக் கேட்டால், அப்படியென்றால் தங்கம் எதற்கு என்று தோன்றும். வெறும் தைற்றேனியம் ஈரொட்சைட்டு, காற்று, ஒளி. இவ்வளவும் போதும், பென்சைலமீன் இமீன் ஆகும். இந்தத் தூள் தனியே புறவூதாக் கதிரைத்தான் உறிஞ்சும். நிலத்துக்கு வரும் சூரிய ஒளியில் அது இருபதில் ஒரு பங்களவே. ஆனால் அமீன் அந்தத் தூளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டதும், இரண்டும் சேர்ந்து கட்புல ஒளியையும் உறிஞ்சத் தொடங்குகின்றன என்று அவர்கள் தொடர்ந்து காட்டினார்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத கரையில் நிற்கிற எங்களுக்கு இது சும்மா விட்டுவிடக்கூடிய சங்கதி அல்ல.

ஆகத் தாங்கி என்பது துணிக்கையை வைத்திருக்கும் வெறும் பலகை அல்ல. அது பிடித்து வைத்திருக்காவிட்டால் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும். குழம்பு ஆற ஆற மேலே மிதக்கும் சிறு எண்ணெய்ச் சொட்டுகள் ஒன்று சேர்ந்து பெரிய வட்டமாவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. அதோடு, தங்கமும் ஒட்சைட்டும் சந்திக்கும் விளிம்பில் ஒட்சிசன் எளிதாக உயிர் பெறுகிறது. சோம்பேறித் தங்கம் சுறுசுறுப்பாவதற்கு அந்த விளிம்பும் ஒரு காரணம். செய்முறையைச் சுருக்கமாகச் சொன்னால்: தங்கக் குளோரைட்டுக் கரைசலில் எரிசோடாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தன்மையைப் போக்கி, வெள்ளைத் தூளைப் போட்டு, சுமார் 70 பாகையில் கலக்கிக்கொண்டிருக்க வேண்டும். பின் வடித்து, குளோரைட்டு ஒரு துளியும் இல்லாமல் கழுவிக் கழுவி, உலர்த்தி, 300 பாகையளவில் சூடாக்க வேண்டும். கழுவுவதில் அலுப்புப்பட்டால் ஊக்கி கெட்டது. மிஞ்சிய குளோரைட்டு தங்கத்தைத் திரள வைத்துவிடும். நன்றாக வந்தால் தூள் கத்தரிப்பூ நிறமாகும். கழுவத் தெரிந்தவர்களுக்கு உகந்த இரசாயனம் இது.

இப்போது அந்த வெள்ளைத் தூள் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. இங்கிருந்து குச்சவெளி, திரியாய் தாண்டிப் போனால் புல்மோட்டை. அந்தக் கரை மணலில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைய இல்மனைற்று. அது இரும்பும் தைற்றேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கறுப்புக் கனியம். ரூற்றைல், சேர்க்கோன் இரண்டும் நூற்றுக்கு எட்டுப் பத்து வீதம் அளவில் உண்டு. ரூற்றைல் என்பதே இயற்கையான தைற்றேனியம் ஈரொட்சைட்டு. வடகீழ்ப் பருவக்காற்று ஆண்டுதோறும் புது மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. 1957 இல் இதற்கென அரச கூட்டுத்தாபனம் அமைந்தது, இன்று அது லங்கா மினரல் சாண்ட்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. மணலைக் கழுவி, காந்தத்தால் இல்மனைற்றைப் பிரித்து, மின்னைக் கடத்தும் ரூற்றைலைக் கடத்தாத சேர்க்கோனிலிருந்து உயர் மின்னழுத்தத்தால் பிரித்து, மூட்டையாகவும் கப்பலாகவும் அனுப்புகிறார்கள். வெள்ளைத் தூளாக, பூச்சாக, முகப்பூச்சுக் கிறீமாக அது எங்களுக்குத் திரும்பி வருகிறது, விலையும் வேறாக.

"மணலை அப்படியே விற்கிறார்கள், இங்கேயே தூளாக்கினால் நாங்கள் எல்லோரும் செல்வந்தர்" என்று மேடைக்கு மேடை பேசுவது இலகு. நாங்கள் அப்படிப் பேச வரவில்லை. இல்மனைற்றைத் தூளாக்கும் ஒரு வழி, அதைச் சூடான செறிந்த சல்பூரிக்கமிலத்தில் கரைப்பது. கிடைக்கும் வெள்ளைத் தூளைவிட அதிக நிறையில் பெரசுச் சல்பேற்றும் ஐதான அமிலமும் மிஞ்சும். மற்ற வழி குளோரீனையும் ஆயிரம் பாகைக்குக் கிட்டிய வெப்பத்தையும் கேட்கும். இரண்டையும் கவனமில்லாமல் செய்தால் குரோமியச் சேற்றுக்குப் பயந்து ஓடி அமிலத்தில் விழுந்த கதையாகும். மணலை எடுப்பதிலும் அப்படித்தான். கொக்கிளாய்ப் பக்கத்துச் சனங்களும் மன்னார்த் தீவுச் சனங்களும் தங்கள் நிலத்துக்காகவும் குடிநீருக்காகவும் வீதிக்கு இறங்கியது விளையாட்டுக்கு அல்ல. ஊக்கிக்குத் தேவையான தூள் சொற்பம், மில்லிகிராம் கணக்கு. அதைச் சாக்காக வைத்துக் கரையைத் தோண்டச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. தோண்டியதை எப்படி, யாருடைய மேற்பார்வையில், எந்தக் கழிவோடு பதப்படுத்துவது என்று கேட்கத் தெரிந்த பிள்ளைகள் இந்தக் கரையிலிருந்தே வரவேண்டும். இந்த உரைக்கு இறக்கக்கண்டியைக் கேட்டதன் உள்நோக்கம் அதுதான், ஒளிப்பானேன்.

இந்தத் தூளில் இலங்கையர் கை வைக்கவில்லை என்று எண்ண வேண்டாம். கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன் தைற்றேனியம் ஈரொட்சைட்டின் ஒளியூக்கலையும், அதன் மேல் சாயம் பூசிச் செய்யும் சூரியக் கலங்களையும் பல்லாண்டு ஆராய்ந்தார். திரவமே இல்லாத திண்மக் கலம் ஒன்றை 1995 இல் அவரது குழு வெளியிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியர் ரவிராஜன் இதே ஒட்சைட்டின் நனோ படலங்களோடு பல்பகுதியங்களைச் சேர்த்துச் சூரியக் கலம் செய்யும் ஆய்வை வளர்த்தார். 2008 இல் தொடங்கிய இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனம் புல்மோட்டை இல்மனைற்றையே எடுத்து ஆய்வு செய்திருக்கிறது. பாக்குநீரிணைக்கு அப்பால் சென்னை ஐஐரியில் 2006 இலிருந்து ஊக்கலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வு மையம் இருக்கிறது. பேராசிரியர் பா. விஸ்வநாதன் அதைக் கட்டி எழுப்பியவர்களுள் முதன்மையானவர். மேற்படிப்புக்கு எங்கே போவது என்று கேட்கும் தங்கைமார் இந்தப் பெயர்களைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறோம். இந்தத் துறையில் வரும் கட்டுரைகளில் பென்சைலமீனில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வீத விளைவு என்று பெருமையாக எழுதுவார்கள். பென்சைலமீன் இணங்கிப் போகிற பிள்ளை. அதன் வளையம் பக்கத்திலிருந்து உதவி செய்கிறது. வளையமில்லாத நேர்ச்சங்கிலி அமீனைக் கொடுத்தால் பல ஊக்கிகள் தடுமாறும். கட்டுரையை வாசிக்கும்போது அட்டவணையின் கடைசி வரிகளை முதலில் பாருங்கள், வண்டவாளம் அங்கேதான் இருக்கும். ஒட்சியேற்றம் இமீனில் நிற்காமல் நைத்திரைல், அமைட்டு என்று ஓடுவது இன்னொரு தொல்லை. உருவாகும் நீரே இமீனை உடைத்து அல்டிகைட்டாக்கிவிடுவதும் உண்டு. எல்லாவற்றிலும் சூட்சுமமானது, உலோகம் தாங்கியிலிருந்து கழன்று கரைசலுக்குள் போய் அங்கே வேலை செய்வது. அப்படியானால் வடித்தெடுத்து மறுபடி பாவிக்கலாம் என்ற பெருமை பொய். அதைக் கண்டுபிடிக்க நல்லதொரு சோதனை இருக்கிறது. தாக்கம் பாதி வழியில் இருக்கும்போது சூட்டோடு சூடாக வடித்து ஊக்கியை அகற்றிவிட்டு, தெளிந்த கரைசலைத் தொடர்ந்து சூடாக்கிப் பாருங்கள். தாக்கம் நின்றால் ஊக்கி நேர்மையானது. தொடர்ந்தால் கழன்ற உலோகம் உள்ளே இருக்கிறது. மருந்துக்குள் போகும் பொருள் என்றால் இது உயிர் சம்பந்தப்பட்ட விடயம்.

கடைசியாக எங்கள் வீட்டு விடயம். நூற்றாண்டு நிதியை எதற்குச் செலவிடுவது என்பதில் சங்கத்துக்குள் இரண்டு கருத்து இருப்பது வெளிநாட்டிலுள்ள அக்காமாருக்கும் தெரியும். அழகான வாயில் வளைவு ஒன்று வேண்டும் என்பது ஒன்று. அதைக் கேட்பவர்களின் அன்பை நாங்கள் குறைத்து எண்ணவில்லை. போர்க்காலத்தில் வாயிலே அடைபட்டுக் கிடந்ததைக் கண்டவர்களுக்கு அந்த ஆசை வரும். ஆனால் எங்கள் குழு ஆய்வுகூடத்தின் பக்கம் நிற்கிறது. நாங்கள் படித்த நாளில் ஒரு போத்தல் சல்பூரிக்கமிலம் சோதனைச்சாவடி தாண்டி வருவதற்குள் தவணை முடிந்துவிடும். செய்முறையைக் கரும்பலகையில் பார்த்து மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினோம். இன்று சாவடி இல்லை, ஆனால் நச்சு வாயுவை இழுத்து வெளியே தள்ளும் விசிறிப் பெட்டி இன்னும் இல்லை. அதனால் அமீனோ குளோரீனோ திறக்க ரீச்சர்மார் தயங்குகிறார்கள், அவர்கள் தயங்குவது சரி. இங்கிருந்து வரும் பிள்ளைகளோ, செய்முறை வகுப்பு பாடசாலை விட்ட பின் நடந்தால் கடைசி பஸ்ஸுக்குப் பயந்து பாடத்தையே மாற்றிக்கொள்கிறார்கள். கணக்குப் பார்த்திருக்கிறோம்: ஒரு விசிறிப் பெட்டி, மில்லிகிராம் காட்டும் ஒரு தராசு, ஒரு நல்ல வடிகட்டும் பம்பி, கழிவைத் தனித்தனியே சேர்க்கும் மூடியுள்ள பீப்பாய்கள், சனிக்கிழமைச் செய்முறைக்கு வான் செலவு. விபரப் பட்டியலைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம், கேட்டு வாங்கிப் பாருங்கள்.

தங்கமும் பென்சைலமீனும் பாடசாலைக்கு வேண்டாம். பழைய ரோர்ச் பற்றரியின் கறுப்புத் தூளில் மங்கனீசீரொட்சைட்டு இருக்கிறது. அதைக் கழுவி உலர்த்தி நிறுத்து, ஐதான ஐதரசன் பரவொட்சைட்டில் இடுங்கள். பொங்கும் ஒட்சிசனை அளந்து, முடிவில் தூளை வடித்து உலர்த்தி மறுபடியும் நிறுங்கள். நிறை மாறியிருக்காது. அடுத்து அதே நிறையுள்ள தூளை ஒரு முறை களிமண்ணில் பிசைந்து உருண்டையாக உலர்த்தியும், மறுமுறை சல்லடைத் துணியில் மெல்லியதாகப் பூசியும் போட்டு வேகத்தை ஒப்பிடுங்கள். தாங்கி என்றால் என்ன, மேற்பரப்பு என்றால் என்ன என்பது ஒரு பிற்பகலில் விளங்கும்.

இப்போது ஒரு போத்தலைச் சுற்றுக்கு விடுகிறோம். உள்ளே இருப்பது புல்மோட்டைக் கறுப்பு மணல். கூடவே வருவது பழைய கணினியின் வன்தட்டிலிருந்து கழற்றிய காந்தம். சாதாரணக் காந்தத்துக்கு இல்மனைற்று அவ்வளவாக மசியாது, இதற்கு மசியும். போத்தலை மூடியபடியே வெளியிலிருந்து காந்தத்தை மெல்ல நகர்த்துங்கள். கறுப்பு ஒரு பக்கம் ஏறும், பின்தங்கி நிற்கும் செம்மண் நிறத் துணிக்கைகளைத் தேடிப் பாருங்கள், ரூற்றைல் அங்கே இருக்கும். பின்வரிசைப் பிள்ளைகளுக்கும் போத்தல் வரும்வரை நாங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறோம்.